ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளும் இரண்டாயிரம் ரூபாய் காரும்

கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் டவுன் பஸ்ஸில் போனவர்களுக்கு ஹோப் காலேஜ் ஸ்டாப் தெரிந்திருக்கும். இறங்கிப் பார்த்தால் அந்தப் பெயரில் காலேஜ் எதுவும் இருக்காது. பெயர் மட்டும் ஸ்டாப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 1945-ல் அங்கே ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் பிறந்தன. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் இரண்டுக்கும் வைக்கப்பட்டது. அவற்றைக் கொண்டுவரப் பாடுபட்டு, பணமும் கொடுத்து, முதல் பிரின்சிபால் நாற்காலியிலும் உட்கார்ந்தவர் ஆரம்பப் பள்ளியைக்கூட ஒழுங்காகத் தாண்டாத ஒரு மனிதர். கோபால்சாமி துரைசாமி நாயுடு. நமக்கெல்லாம் ஜி.டி.நாயுடு!

நண்பர்களே, இவரைப் பற்றிப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்துவிட்டோமே, மலரில் எதற்கு மறுபடியும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் பைனல் இயர் புராஜெக்ட் பேச்சு ஆரம்பித்தால், ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் எங்கள் செட்டில் ஒரு யோசனை தவறாமல் தலைதூக்கும். காயலான் கடையில் கிடக்கிற இரண்டு பைக் இன்ஜினை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, ஒரு சின்ன வண்டியை ஓட்டினால் என்ன? எங்கள் ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு மலையிலிருந்து ஆடு இறங்க வேண்டும். பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமங்களிலிருந்து சாமையும் புளியும் இறங்க வேண்டும். கீழேயிருந்து அரிசியும் சிமெண்டும் ஏற வேண்டும். லாரிக்குப் பாதை போதாது, பைக்குக்குப் பாரம் தாங்காது. நடுவில் ஒரு வண்டி வேண்டும். அந்த நடு வண்டிக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

இந்தப் பேச்சுக்குத் தமிழ்நாட்டில் மூத்த உறவுக்காரர் ஒருவர் உண்டென்றால் அது நாயுடுதான். மோட்டார் சைக்கிளில் தொடங்கி, சாமானியன் வாங்கக்கூடிய சின்னக் கார் வரை போய், அதன் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர் அவர். அவர் இரண்டு இன்ஜினைச் சேர்த்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் முட்டிக்கொண்ட சுவர் எது என்று தெரிந்துகொண்டால் நம்ம புராஜெக்ட்டும் கொஞ்சம் தெளிவாகும்.

பிறந்தது 1893 மார்ச் 23, சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமம். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் என்றால் ஆகாது. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய கதை கொங்கு நாட்டில் பாட்டிமார் வரைக்கும் தெரியும். (மலருக்குப் பொறுப்பாசிரியர் இதைப் படிப்பார் என்பதால், இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று சொல்லிவைக்கிறேன்!) ஆனால் படிப்பு பிடிக்காதவர் இல்லை, பின்னால் தானாகவே புத்தகம் புத்தகமாகப் படித்துத் தள்ளியவர். ஒரே இடத்தில் உட்காரவைத்து மனப்பாடம் பண்ணச் சொன்னதுதான் பிடிக்கவில்லை.

ஒருநாள் அந்த ஊருக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறது! வாலிபத்தின் வாசலில் நின்ற நாயுடுவுக்கு அதற்கப்புறம் தோட்டத்து வேலை ஓடவில்லை. கோயமுத்தூருக்கு வந்தார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்து, கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கிவிட்டார்.

வாங்கியதும் மற்றவனாக இருந்தால் என்ன செய்வான்? ஏறி ஊரைச் சுற்றி வந்திருப்பான். இவர் அதைப் பிரித்துப் போட்டார். திரும்ப மாட்டினார். இப்படிப் பிரித்து மாட்டித்தான் மெக்கானிக் ஆனார். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, மேனுவல் இல்லை, ஸ்பேர் வாங்கக் கடை இல்லை. ஒரு நட்டு தொலைந்தால் வண்டி பழைய இரும்பு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கால ரட்ஜ் ஒற்றை சிலிண்டர் வண்டி. இன்ஜினிலிருந்து பெல்ட் ஒன்று பின்சக்கரத்துக்குப் போகும். வால்வைத் தள்ளும் ராடுகூட வெளியே கண்ணுக்குத் தெரியும். ஒரு பிஸ்டன், ஒரு கனெக்டிங் ராடு, ஒரு கார்புரேட்டர், ஒரு மேக்னெட்டோ. இன்ஜின் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. நாலு சிலிண்டர் காரை அவர் முதலில் பிரித்திருந்தால் குழம்பிப்போயிருப்பார் என்பது என் எண்ணம். ஒன்று புரிந்தால் இரண்டு புரியும். இரண்டு புரிந்தால் நாலு புரியும்.

இங்கே கொஞ்சம் நாயுடுவை நிறுத்திவிட்டு நம்ம இரண்டு இன்ஜின் கணக்கைப் பார்ப்போம். பழைய வார்ப்பிரும்பு புல்லட் இன்ஜின் 346 சி.சி., 18 குதிரைத்திறன். 2005-ல் வந்த டாடா ஏஸ், நம்ம குட்டியானை, 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல், 16 குதிரைத்திறன். இண்டிகா காரின் நாலு சிலிண்டர் இன்ஜினைப் பாதியாக்கிப் பிறந்தது அது. அதாவது கம்பெனிக்காரன் நாலை இரண்டாக்கினான். நாம் ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டாக்கப் பார்க்கிறோம். சி.சி. கணக்கில் இரண்டு புல்லட்டும் ஒரு குட்டியானையும் ஏறத்தாழ ஒன்றுதான். குதிரைத்திறனைப் பார்த்தால் ஒரே புல்லட் போதும் போலத் தோன்றும். ஆனால் புல்லட் அந்த 18-ஐ 5,000 சுற்றுக்கு மேலே போய்த்தான் கொடுக்கும். ஏஸ் தன்னுடைய 16-ஐ 3,200 சுற்றிலேயே கொடுத்துவிடும். மூட்டை ஏற்றிக்கொண்டு மலைக் கொண்டையூசி வளைவில் நின்று கிளம்ப வேண்டியவனுக்கு எது வேண்டும்? குறைந்த சுற்றில் முறுக்குவிசை. அப்புறம் காற்று. பைக் இன்ஜின் ஓடுகிற வேகத்தில் அடிக்கிற காற்றால் குளிர்கிறது. பாரத்தோடு பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் காற்று எங்கே? ஆட்டோ ரிக்ஷாவில் இன்ஜினைச் சுற்றித் தகடு போட்டு விசிறி வைத்திருப்பது சும்மா இல்லை. ரிவர்ஸ் கியரும் பைக்கில் கிடையாது.

சேர்ப்பதற்கு வழிகள் உண்டு. இரண்டு கிராங்க் ஷாஃப்ட்டையும் ஒரே அளவுப் பல்லுள்ள ஸ்ப்ராக்கெட்டும் செயினும் போட்டுப் பூட்டலாம். ஒன்று வெடிக்கும்போது மற்றது ஒரு முழுச்சுற்று தள்ளி வெடிக்கும்படி வைத்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பவர் ஸ்ட்ரோக் கிடைக்கும், ஓட்டம் சீராக வரும். அல்லது இரண்டு செயினையும் நடுவில் ஒரு பொது ஷாஃப்ட்டுக்குக் கொண்டுவந்து, சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒருவழிக் கிளட்ச் வைக்கலாம். ஒரு இன்ஜின் மக்கர் பண்ணி நின்றாலும் மற்றது அதை இழுத்துச் சாகாது. மூன்றாவது வழி, ஆளுக்கு ஒரு அச்சு. பிரான்சின் சித்ரோயன் கம்பெனி 1960-களில் செய்த 2சிவி சஹாராவில் முன்னால் 425 சி.சி. இன்ஜின் ஒன்று, பின்னால் அதே அளவில் இன்னொன்று. முன் இன்ஜின் முன்சக்கரத்தை ஓட்டும், பின் இன்ஜின் பின்சக்கரத்தை ஓட்டும். கிளட்ச் மிதி ஒன்றுதான், கியர் கம்பியும் ஒன்றுதான். ஒரே இன்ஜினிலும் ஓட்டலாம். பாலைவன மணலுக்காகச் செய்த வண்டி. வேலை செய்தது, ஆனால் மொத்தம் 694 தான் செய்தார்கள். எல்லாமே இரட்டைச் செலவு! இங்கிலாந்தில் ஜான் கூப்பர் இரண்டு இன்ஜின் மினி கார் ஒன்றை 1963-ல் ஓட்டிப் பார்க்கும்போது கவிழ்ந்து பலத்த காயமடைந்தார். ஆக, இன்ஜினைச் சேர்ப்பது ஒரு மாசத்து வேலை. வண்டியை நம்பத் தக்கதாக ஆக்குவதுதான் மீதி வாழ்க்கை.

நாயுடுவிடம் திரும்புவோம். மெக்கானிக் வேலையோடு அவர் நிற்கவில்லை. முதல் உலகப் போர் சமயத்தில் திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்து கையில் நல்ல காசு பார்த்தார். அந்தத் தெம்பில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய பஞ்சுத் தரகர்களோடு மோதினார். போட்டதெல்லாம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார். எதைத் தொட்டாலும் பொன்னான மனிதர் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பம்பாய்க் கதையை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ இதுதான் அவரை மறுபடி இன்ஜின் பக்கம் தள்ளிவிட்டது என்று தோன்றுகிறது.

1920-ல் கோயமுத்தூர்த் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கடன் உதவி செய்ய, ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். யார் ஓட்டினார்? அவரே! முதலாளியும் அவர், டிரைவரும் அவர், ரிப்பேர் வந்தால் கீழே படுப்பதும் அவர். அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். ஆனது. சில வருஷங்களிலேயே நாட்டின் மிகச் சிறந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கிவிட்டது. பஸ் ஓட்டிய காசைக் கொண்டு பட்டறைகள் வந்தன. பட்டறைகளிலிருந்து பொருட்கள் வந்தன.

அந்தப் பொருட்களின் பட்டியலைப் போட்டால் இந்த மலர் போதாது. ஒன்றிரண்டு மட்டும். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் அவர் கொண்டுவந்த எலெக்ட்ரிக் மோட்டார்தான் இந்தியாவில் தயாரான முதல் மோட்டார் என்று சொல்வார்கள். கோயமுத்தூர் இன்றைக்கு மோட்டாருக்கும் பம்ப்செட்டுக்கும் பேர் போன ஊராக இருக்கிறதே, அதன் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. ஒடுகத்தூர்ப் பக்கம் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தால் அங்கே ஓடுவதும் கோயமுத்தூர் மோட்டாராகத்தான் இருக்கும்! பேட்டரி செல்லில் ஓடும் ஷேவிங் ரேசர், ரசாந்த் என்று பேர், அதற்கான குட்டி மோட்டார் ஜெர்மனியில் ஹெய்ல்பிரான் நகரத்தில் தயாரானது. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் மெஷின், தில்லுமுல்லு பண்ண முடியாத ஓட்டுப் பதிவு மெஷின். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். பருத்தி, சோளம், பப்பாளி என்று விவசாயத்திலும் புது ரகம் தேடினார்.

எல்லாவற்றிலும் ஒரே புத்தி ஓடுவதைக் கவனியுங்கள். ஏற்கெனவே இருக்கிற பொருளை எடுப்பார், பிரிப்பார். இதில் எது இல்லாமல் முடியும், எதைக் குறைந்த காசில் செய்ய முடியும் என்று பார்ப்பார். கலங்கலில் ரட்ஜைப் பிரித்த அதே கைதான்.

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம், பாலிடெக்னிக். 1944-ல் பஸ் தொழிலிலிருந்து விலகினார். அடுத்த வருஷமே காலேஜ் வந்தது. பிரின்சிபாலாக உட்கார்ந்தவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இன்ஜினியரிங் படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு? இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. மிச்சத்தைப் பட்டறையில் கற்றுக்கொள்ளலாம், பையன்களின் வயசை ஏன் வீணாக்க வேண்டும் என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பதவியை விட்டு வெளியே வந்துவிட்டார். அந்தக் காலேஜும் பாலிடெக்னிக்கும் பின்னால் அரசாங்க நிறுவனங்களாக வளர்ந்தன.

மூன்று வருஷம் டிப்ளமோ படிக்கிற நமக்கு இது இனிக்கத்தான் செய்யும். ஆனாலும் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு விஷயத்தில் நாயுடு முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தன்னைப் போலவே எல்லாரையும் நினைத்துவிட்டார். பிரித்துப் போட்டதைத் தானாகவே மாட்டத் தெரிந்தவனுக்கு இரண்டு வருஷம் அதிகம்; என்னைப் போல் ஆளுக்கு மூன்றும் போதாது. ஆனால் ஒர்க்ஷாப் நேரத்தைக் குறைத்து நோட்ஸ் எழுதவைக்கிற படிப்பை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போது, அவர் பக்கம்தான் மனசு போகிறது.

அப்புறம் அந்தக் கார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் ஒரு பெட்ரோல் காரை வெளியே கொண்டுவந்தார். விலை 2,000 ரூபாய்! அன்றைக்கு ஓடிய கார்களின் விலையோ இதைப் போலப் பல மடங்கு. ஒரு ஸ்கூல் வாத்தியார், ஒரு சின்ன வியாபாரி, கடன் உடன் வாங்கியாவது சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடிய வண்டி. மோட்டார் சைக்கிளுக்கும் பெரிய காருக்கும் நடுவிலிருந்த அந்தக் காலி இடத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

வண்டி நின்றது இன்ஜின் கோளாறால் அல்ல, லைசென்ஸால்! சுதந்திர இந்தியாவில் 1951-ல் ஒரு தொழில் சட்டம் வந்தது. எந்தப் பெரிய தொழிலையும் அரசாங்க லைசென்ஸ் இல்லாமல் தொடங்கக் கூடாது. 1953-ல் மோட்டார் தொழிலையே விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். இங்கே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. அப்படிப்பட்ட காலத்தில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் போய் நிற்கிறார். அனுமதி இல்லை. தயாரிப்பு நின்றது. அவ்வளவுதான், கதை முடிந்தது. மகாராஷ்டிராவில் இச்சல்கரஞ்சி ஊரில் சங்கர்ராவ் குல்கர்னி என்பவர் மீரா என்ற சின்னக் காரை 1949-லிருந்து மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்தார். அவருக்கும் அந்த வாசல் திறக்கவில்லை. மாருதி 800 ரோட்டுக்கு வர 1983 டிசம்பர் ஆயிற்று. நானோ வர 2009.

நாயுடுவுக்குக் கோபம் வராமல் இருக்குமா? வரியும் அவரை விடவில்லை. அதைக் கண்டித்து, தான் செய்த பொருட்களையே ஜனங்கள் முன்னால் உடைத்துப் போட்ட ஆள் அவர். அது தப்பா சரியா என்று இன்றைக்கும் வாதம் பண்ணலாம். ஒரு பொருளைச் செய்யப் பட்ட பாடு தெரிந்தவன்தான் அதை உடைக்கும்போது அழுவான் என்பது மட்டும் நமக்குப் புரியும்.

இந்த இடத்தில் நம்ம இரட்டை இன்ஜின் வண்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நாளைக்கு நாம் ஒன்றைச் செய்து முடித்தாலும் ரோட்டில் ஓட்ட முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ரெஜிஸ்டர் ஆன வண்டியைக் கம்பெனி சொன்னதிலிருந்து இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. புது வண்டி என்றால் மாதிரியைக் கொடுத்து அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் பாஸ் ஆக வேண்டும். சென்னையில் பழைய பைக், ஸ்கூட்டர் இன்ஜினைப் பூட்டி ஓட்டுகிற மீன்பாடி வண்டிகளும் இதனால்தான் கோர்ட், கேஸ் என்று அலைக்கழிந்தன. உடனே நம்ம பசங்க, நாயுடுவுக்கு நடந்ததுதான் நமக்கும் நடக்கிறது என்று கொதிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

இரண்டும் வேறு வேறு. 2022 ஏப்ரலில் நம்ம ஜவ்வாது மலையிலேயே, திருப்பத்தூர்ப் பக்கம் புலியூரில், கோயிலுக்குப் போன மலை ஜனங்களை ஏற்றிய வேன் பள்ளத்தில் உருண்டு 11 உயிர் போயிற்று. மலை ரோட்டில் வண்டியை மேலே ஏற்றுவது இன்ஜின். உயிரோடு கீழே இறக்குவது பிரேக். இரண்டு இன்ஜின் போட்டால் எடை கூடும், எடை கூடினால் இறக்கத்தில் பிரேக் சூடேறும். இதைச் சோதித்துப் பார் என்று ஒரு சட்டம் சொன்னால் அது நம்ம பக்கத்துச் சட்டம். நாயுடுவைத் தடுத்தது அது அல்ல. உன் வண்டி பத்திரமானதா என்று கேட்டிருந்தால் அவர் ஓட்டிக் காட்டியிருப்பார். வண்டி செய்ய நீ யார் என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. அதற்கு எந்த ஒர்க்ஷாப்பிலும் விடை கிடையாது.

அவர் கண்ட காலி இடத்துக்குச் சட்டத்தில் பெயர் வைக்கவே அறுபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. பஜாஜ் கம்பெனி 2012-ல் ஒற்றை சிலிண்டர் இன்ஜினை வைத்து நாலு சக்கரச் சின்ன வண்டி ஒன்றைக் காட்டியது. அது காரா, ஆட்டோவா? எந்தக் கணக்கிலும் சேராமல் வருஷக்கணக்கில் நின்றது. கடைசியில் குவாட்ரிசைக்கிள் என்று தனிப் பிரிவு வந்து, 2018-ல்தான் சொந்த உபயோகத்துக்கும் அனுமதி கிடைத்தது. பைக் அளவு இன்ஜின், இலேசான பாடி, குறைந்த வேகம், அதற்கென்று தனிச் சோதனை. புராஜெக்ட் செய்கிறவர்கள் அந்தப் பிரிவுக்குச் சொன்ன எடையையும் பிரேக் விதியையும் முதலில் படித்துவிட்டு ஸ்பேனரை எடுப்பது நல்லது.

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4-ல் காலமானார். வயது 80. அவர் தொடங்கிய தொழிற் கண்காட்சி கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் இருக்கிறது. அதே ரோட்டில் 2015-ல் அவர் பெயரிலேயே கார் மியூசியமும் திறந்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். அடுத்த தடவை இண்டஸ்ட்ரியல் விசிட் கோயமுத்தூர் என்று முடிவானால், பாலத்துக்கு மேலே போகாமல் கீழே போகச் சொல்லுங்கள். ஹோப் காலேஜ் ஸ்டாப் கீழேதான் வரும்.